அவ்வைப் பாட்டியாக மாறிய கொடுமுடிக் குயில்!

குட்டீஸ்! ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு அவ்வைப் பாட்டியை நினைத்துப் பாருங்கள். யார் தெரிகிறார்?

வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஊன்றுகோல், வாயைத் திறந்தால் வெண்கல மணி அடித்த மாதிரி கணீரென்று ஒரு குரல். சரிதானே?

இப்போது ஒரு கேள்வி. சங்க கால அவ்வையார் வாழ்ந்தது ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பு. அந்தக் காலத்தில் கேமரா ஏது? அவரைப் பார்த்து யாரும் படம் வரைந்து வைக்கவும் இல்லை. அப்படியிருக்க, இந்த உருவம் உங்கள் மனசுக்குள் எப்படி வந்தது?

1953-ல் வந்த ஒரு சினிமாவில் இருந்துதான் பெரும்பாலும் வந்தது. அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் தாத்தா, பாட்டி பார்த்திருப்பார்கள். அதில் அவ்வையாராக நடித்தவர்தான் கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள். சுருக்கமாக கே.பி.சுந்தராம்பாள். ரசிகர்கள் இன்னும் சுருக்கி, கே.பி.எஸ். என்பார்கள்.

நம்ம சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா வந்துவிட்டால், ரத வீதிகளில் கூட்டம் அலைமோதும். பலூன், பஞ்சு மிட்டாய் என்று நீங்கள் சுற்றிக் கொண்டிருக்கும்போது, இதுபோன்ற திருவிழாக்களில் ஒலிபெருக்கியில் ஒரு பழைய பாட்டு வரும். பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு பழனிக்குப் போன முருகனை ஒரு பாட்டி சமாதானம் செய்வாரே, அந்தப் பாட்டு! அது சுந்தராம்பாளின் குரல்தான்.

அந்தக் குரலுக்கும் நம்ம பக்கத்து ஊருக்கும் ஒரு உறவு உண்டு. அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

பசியில் பாடிய சிறுமி

இன்றைய ஈரோடு மாவட்டத்தில், காவிரிக் கரையில் இருக்கிறது கொடுமுடி. அந்த ஊரில் 1908-ல் பிறந்தார் சுந்தராம்பாள். அம்மா பெயர் பாலாம்பாள். பெயருக்கு முன்னால் கே, பி என்று இரண்டு எழுத்து இருக்கிறதல்லவா? கே என்றால் கொடுமுடி; பி என்றால் அம்மா பாலாம்பாள். ஊர் பெயரையும், அம்மா பெயரையும் கடைசி வரை தன் பெயரோடு வைத்துக்கொண்டவர் அவர்.

வீட்டில் வறுமை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே கஷ்டம். ஆனால் சிறுமி சுந்தராம்பாளிடம் ஒரு சொத்து இருந்தது. அது குரல்! ரயிலில் பாடி, பயணிகள் கொடுத்த காசை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அந்தக் குரலைக் கேட்டு வியந்த பெரியவர்கள் அவரை நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் அழும் பையன் வேடம் அவருக்குக் கிடைத்தது. பசியைப் பற்றிப் பாட அந்தச் சிறுமிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்குமா என்ன? மேடையில் அந்தப் பையன் அழுதபோது, கொட்டகையில் இருந்தவர்களும் அழுதார்கள்.

அந்தக் காலத்து நாடகம் எப்படி இருக்கும் தெரியுமா? இரவு ஆரம்பித்தால் விடிய விடிய நடக்கும். மேடையில் மைக் கிடையாது. முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும், கடைசியில் நிற்பவருக்கும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். அதுவும் சும்மா கத்தினால் போதாது; சுருதி விலகாமல், வார்த்தை சிதையாமல் பாட வேண்டும். இப்படி இரவு இரவாகப் பாடிப் பாடித்தான் சுந்தராம்பாளின் குரல் உரம் ஏறியது. மைக் வந்த பிறகும் அந்தக் குரலுக்கு அது தேவைப்பட்டதாகத் தெரியவில்லை!

செங்கோட்டையில் இருந்து ஒரு குரல்

இப்போது நம்ம ஊர் உறவுக்கு வருவோம். சங்கரன்கோவில் ரயில் நிலையத்தில் தெற்கே போகிற ரயிலில் ஏறினால், கடையநல்லூர், தென்காசி தாண்டி எங்கே போய்ச் சேருவோம்? செங்கோட்டை! அந்த ஊரில் 1906-ல் பிறந்தவர் எஸ்.ஜி.கிட்டப்பா. எஸ் என்றால் செங்கோட்டை. சின்னப் பையனாக இருக்கும்போதே, அண்ணன் தம்பிகளோடு நாடக மேடை ஏறிவிட்டவர். கிட்டப்பா உச்சஸ்தாயியில் ஒரு இழுப்பு இழுத்தால், பெரிய சங்கீத வித்வான்களே அசந்து போவார்கள்.

அப்போது 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒன்று உண்டு. அதில் ஒரே கம்பெனி நடிகர்கள் சேர்ந்து ஒத்திகை பார்த்து நடிக்க மாட்டார்கள். ஒவ்வொரு ஊரில் இருந்தும் பெயர்பெற்ற நடிகர்களை வரவழைத்து, நேராக மேடையில் ஏற்றிவிடுவார்கள். கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் எதிரில் நிற்பவர் எந்தப் பாட்டைப் பாடுவார், எந்தக் கேள்வியைக் கேட்பார் என்பது தெரியாது. கிட்டத்தட்ட ஒரு போட்டி மாதிரிதான்!

1920-களில் இலங்கையின் கொழும்பு நகரத்தில் தமிழ் நாடகங்களுக்கு ஏகப்பட்ட வரவேற்பு. அங்கேதான் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் ஒரே மேடையில் சேர்ந்தார்கள். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் கிட்டப்பா முருகன், சுந்தராம்பாள் வள்ளி. அவர் ஒரு படி ஏறிப் பாட, இவர் இன்னொரு படி ஏறிப் பாட, கூட்டம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது.

மேடையில் சேர்ந்தவர்கள் வாழ்க்கையிலும் சேர்ந்தார்கள். இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். காந்தியடிகள் மீது பக்தி கொண்டு, மேடைகளில் தேசபக்திப் பாடல்களைப் பாடினார்கள். இவர்கள் பாடிய இசைத்தட்டுகள் அமோகமாக விற்றன. இடையில் மனத்தாங்கல் வந்து பிரிந்து வாழ்ந்த நாட்களும் உண்டு. ஆனாலும் அவர்கள் இருவரின் பெயரையும் ஜனங்கள் சேர்த்தே சொன்னார்கள்.

இருபத்தைந்து வயதில் ஒரு சபதம்

1933 டிசம்பர் மாதம். நோயில் விழுந்த கிட்டப்பா இறந்து போனார். அப்போது அவருக்கு வயது 27தான். சுந்தராம்பாளுக்கு 25.

உங்கள் பக்கத்து வீட்டு அக்கா வயது என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த வயதில் சுந்தராம்பாள் நகைகளைக் கழற்றினார். வண்ணச் சேலைகளை விட்டார். வெள்ளைச் சேலையும் திருநீறும் மட்டும் போதும் என்றார். கணவனை இழந்த பெண்கள் வீட்டுக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்க வேண்டும் என்று ஊர் சொல்லிய காலம் அது. அந்த வழக்கம் தப்பு என்பது இன்றைக்கு நமக்குத் தெரியும்.

சுந்தராம்பாள் இன்னொரு முடிவும் எடுத்தார். இனி எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை!

இது எவ்வளவு பெரிய இழப்பு தெரியுமா? நாடகமோ, சினிமாவோ, ஒரு இளம் நடிகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் கதாநாயகி வேடம்தான். வள்ளி என்றால் முருகன் வேண்டும். சீதை என்றால் ராமன் வேண்டும். ஜோடி வேண்டாம் என்றால் வேடமே இல்லை என்றுதான் அர்த்தம். புகழின் உச்சியில் இருந்த பெண், தன் தொழிலின் பெரிய வாசலைத் தானே சாத்திக்கொண்டார். இனி இவர் கதை முடிந்தது என்று பலரும் நினைத்திருப்பார்கள்.

முடியவில்லை. வேறொரு வாசல் திறந்தது.

ஒரு லட்ச ரூபாய் நந்தனார்

தமிழ் சினிமா பேசத் தொடங்கியது 1931-ல். அடுத்த சில ஆண்டுகளில், சுந்தராம்பாளை எப்படியாவது நடிக்க வைக்க வேண்டும் என்று ஒரு தயாரிப்பாளர் வந்தார். சபதம் உடையாமல் எப்படி நடிப்பது? அதற்கு ஒரு அருமையான வழி கிடைத்தது. ஆண் வேடத்திலேயே நடித்துவிட்டால்? ஜோடிப் பிரச்னையே இல்லையே!

அப்படி வந்ததுதான் 1935-ன் 'பக்த நந்தனார்'. சிதம்பரம் போக ஏங்கும் ஏழைப் பக்தர் நந்தனாராக சுந்தராம்பாளே நடித்தார். வேதியர் வேடத்தில் நடித்தவர் பெரிய சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். சுந்தராம்பாளுக்குச் சம்பளம் ஒரு லட்ச ரூபாய்! ஒரு பள்ளி ஆசிரியர் மாதம் சில பத்து ரூபாய் சம்பளம் வாங்கிய காலம். நாடே அதைப் பற்றிப் பேசியது. ரயிலில் காசுக்குப் பாடிய சிறுமி எங்கே வந்துவிட்டார், பார்த்தீர்களா?

பிறகு 1940-ல் 'மணிமேகலை'. அதுவும் துறவிப் பெண்ணின் கதை. இதற்கிடையே காங்கிரஸ் கூட்டங்களிலும் பாடினார். தலைவர் சத்தியமூர்த்தி பேசுவார், சுந்தராம்பாள் பாடுவார். பேச்சைக் கேட்க வந்தவர்களைவிடப் பாட்டைக் கேட்க வந்தவர்கள் அதிகமாக இருந்தாலும் ஆச்சரியமில்லை! 1950-களில் சென்னை மாநில மேலவை உறுப்பினராகவும் ஆனார். நம் நாட்டில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் சினிமாக் கலைஞர்களில் ஒருவர் அவர்.

தேர்ப்பந்தயமா, ஊன்றுகோலா?

1945-ல் இரண்டாம் உலகப் போர் முடிந்தது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வர ஆரம்பித்தது. வீட்டிலேயே படம் தெரிந்தால் தியேட்டருக்கு யார் வருவார்கள்? சினிமா முதலாளிகள் யோசித்தார்கள். சின்னப் பெட்டியில் காட்டவே முடியாத பிரம்மாண்டத்தைப் பெரிய திரையில் காட்டினால்? அதற்கு ஏற்ற கதைகள் பழங்காலத்தில்தான் கிடைத்தன. ரோமாபுரி, எகிப்து, மாளிகைகள், படைகள், தேர்கள்!

1951-ல் 'குவோ வாடிஸ்', 1956-ல் 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்', 1959-ல் 'பென்ஹர்' என்று வரிசையாக வந்தன. 'பென்ஹர்' படத்தின் தேர்ப்பந்தயம் உலகப் புகழ் பெற்றது. அந்தப் படம் 11 ஆஸ்கார் விருதுகளை அள்ளியது.

நம் ஊரிலும் ஒருவர் பிரம்மாண்டத்துக்குப் பேர் போனவர். ஜெமினி ஸ்டூடியோ அதிபர் எஸ்.எஸ்.வாசன். 'ஆனந்த விகடன்' பத்திரிகையின் அதிபரும் அவரே. 1948-ல் அவர் எடுத்த 'சந்திரலேகா' படத்தின் முரசு நடனத்தை இன்றைக்குப் பார்த்தாலும் வாய் பிளப்பீர்கள். அத்தனை பெரிய முரசுகள். அவற்றின் மேல் ஆடும் அத்தனை பெண்கள்!

அந்த வாசனும் பழங்காலக் கதை ஒன்றை எடுக்க விரும்பினார். அவர் தேர்ந்தெடுத்த நாயகர் யார் தெரியுமா? வாள் பிடித்த வீரர் இல்லை. தேரோட்டும் இளவரசர் இல்லை. ஊன்றுகோல் பிடித்த ஒரு கிழவி! தமிழ் பாடி ஊர் ஊராக நடந்த அவ்வையார்.

வில்லும் வாளும் இல்லாத கதாநாயகியை வைத்து ஒரு பிரம்மாண்டப் படம். யாரை நடிக்க வைப்பது? திரை முழுக்க ஆளும் முகம் வேண்டும். யானைக் கூட்டத்துக்கு நடுவில் நின்றாலும் எடுபடும் குரல் வேண்டும். காதல் காட்சி கிடையாது, ஜோடியும் கிடையாது. தமிழ்நாட்டில் இதற்கு ஒரே ஒருவர்தான் இருந்தார்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு சுந்தராம்பாள் எடுத்த சபதம், எந்த வேடத்தையும் அவருக்கு விட்டுவைக்காது என்றுதானே பார்த்தோம்? இப்போது அந்தச் சபதமே அவரை அவ்வையாரிடம் கொண்டுவந்து சேர்த்தது.

திரையில் ஓடிய இரண்டு கதைகள்

கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 1953 ஆகஸ்ட் 15, சுதந்திர தினத்தன்று 'ஔவையார்' வெளியானது. அடுத்த மாதமே அமெரிக்காவில் 'தி ரோப்' என்ற ரோமாபுரிப் படம் வந்தது. சினிமாஸ்கோப் என்ற அகலத் திரையில் வந்த முதல் படம் அது. ஒரே நேரத்தில் அங்கே ரோமாபுரி, இங்கே சங்கத் தமிழகம்!

'ஔவையார்' படத்தின் ஆரம்பத்தில் ஒரு காட்சி உண்டு. அவ்வை இளம்பெண்ணாக இருக்கிறாள். கல்யாணம் பேசுகிறார்கள். அவளுக்கோ தமிழும் பக்தியும்தான் உயிர். பிள்ளையாரிடம் போய் அழுகிறாள். தன் இளமையை எடுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறாள். அப்படியே கிழவியாகிறாள். அதற்குப் பிறகு கோலை ஊன்றிக்கொண்டு, ஊருக்கு நல்லது சொல்லக் கிளம்பிவிடுகிறாள்.

இந்தக் காட்சியைப் பார்த்த ஜனங்களுக்கு யார் ஞாபகம் வந்திருக்கும்? இருபத்தைந்து வயதில் நகையையும், வண்ணச் சேலையையும் கழற்றி வைத்த சுந்தராம்பாள்தானே! அந்தக் கதை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் கிழவியாகத் திரையில் வந்து நின்ற 44 வயதுப் பெண்ணை, யாரும் வேஷம் என்றே நினைக்கவில்லை. அவர் வீட்டில் எப்படி இருப்பாரோ, ஏறக்குறைய அதே வெள்ளைச் சேலை, அதே திருநீறு. கூடுதலாக ஒரு கோல், அவ்வளவுதான்!

படத்தில் பிரம்மாண்டத்துக்கும் குறைவில்லை. யானைக் கூட்டம் வந்து கோட்டையை முட்டித் தகர்க்கும். கொட்டகையில் சிறுவர்கள் விசில் அடித்தார்கள். ஆனால் அந்த யானைகளை வரவழைப்பது எது? அவ்வையின் பாட்டு! பிள்ளையாரை நினைத்து அவர் பாட, யானைகள் வருகின்றன. மற்ற நாட்டுப் படங்களில் படை செய்ததை, இங்கே ஒரு கிழவியின் குரல் செய்தது.

சின்ன ஊர்களில் டூரிங் டாக்கீஸ் கொட்டகைகளில் மணலைக் குவித்து, அதன் மேல் உட்கார்ந்து ஜனங்கள் பார்த்தார்கள். பக்திப் படம் என்பதால், சினிமாவுக்கே போகாத பாட்டிகளும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

படம் வேறு, வரலாறு வேறு!

குட்டீஸ், இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள். பரீட்சைக்கும் உதவும்!

அவ்வையார் என்ற பெயரில் ஒருவர் மட்டும் வாழவில்லை. சங்க காலத்து அவ்வையார் வேறு. அவர் இன்றைய தர்மபுரியான தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் நண்பர். அதியமான் தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியை இவருக்குத்தான் கொடுத்தார். அதியமானுக்காகக் காஞ்சித் தொண்டைமானிடம் தூது போனவரும் இவரே. தொண்டைமான் தன் ஆயுதசாலையைப் பெருமையாகக் காட்டினான். அவனுடைய ஆயுதங்கள் நெய் பூசிப் பளபளப்பாக இருக்கின்றன என்றும், அதியமானின் ஆயுதங்களோ போர் செய்து முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றும் அவ்வை பாடினார். புகழ்வது போல இகழ்ந்துவிட்டார்! சங்கப் பாடல்களில் 59 பாடல்கள் இவர் பெயரில் இருக்கின்றன.

நீங்கள் படிக்கும் ஆத்திசூடியை எழுதிய அவ்வையார் அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவர். படமோ எல்லா அவ்வையார்களையும் ஒரே பாட்டியாக ஆக்கிவிட்டது. பாரி மன்னனின் மகள்களான அங்கவை, சங்கவையைக் காத்து நின்றவர் கபிலர் என்றுதான் சங்க நூல்கள் காட்டுகின்றன. அவ்வையார் காத்தார் என்பது பிற்காலக் கதை. படம் அந்தக் கதையையும் சேர்த்துக்கொண்டது.

ஆகவே, வரலாறு தெரிய வேண்டும் என்றால் புத்தகத்தைப் படியுங்கள். அந்தக் காலத்துப் பெண் ஒருத்தி அரசர்கள் முன்னால் எப்படி நிமிர்ந்து நின்றிருப்பாள் என்று பார்க்க வேண்டும் என்றால், படத்தைப் பாருங்கள்.

கடைசி வரை காத்த வாக்கு

1964-ல் சிலப்பதிகாரக் கதை 'பூம்புகார்' என்ற பெயரில் படமானது. வசனம் மு.கருணாநிதி. கோவலன், கண்ணகியோடு மதுரைக்கு நடந்து போகும் சமணத் துறவி கவுந்தியடிகளாக நடித்தவர் சுந்தராம்பாள். முருக பக்தையான அவர், சமணத் துறவியாகவும் மனதில் நின்றார்.

1965-ல் 'திருவிளையாடல்' படத்தில் மறுபடியும் அவ்வையார். ஆடித்தபசில் கேட்கும் பாட்டு என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது இந்தப் படத்தில் வருவதுதான். 1967-ல் 'கந்தன் கருணை', 1973-ல் 'காரைக்கால் அம்மையார்'. 'துணைவன்' படத்தில் பாடியதற்காக 1969-ம் ஆண்டின் சிறந்த பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. 1970-ல் பத்மஸ்ரீ பட்டம் தேடி வந்தது.

காரைக்கால் அம்மையார் கதை தெரியுமா? அவரும் தன் அழகையும், இளமையையும் வேண்டாம் என்று இறைவனிடம் திருப்பிக் கொடுத்தவர்தான்! நந்தனார், மணிமேகலை, அவ்வையார், கவுந்தியடிகள், காரைக்கால் அம்மையார்... சுந்தராம்பாளின் வேடங்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ஒன்றில்கூட ஜோடியாக அவர் நிற்கவில்லை. 1933-ல் எடுத்த சபதத்தை, 1980-ல் இறக்கும் வரை, 47 ஆண்டுகள் காத்தார்.

நம்ம கோமதி அம்மன் ஆடித்தபசில் தவக்கோலத்தில் நிற்பதைப் பார்க்கிறோம். சுந்தராம்பாளின் வாழ்க்கையும் ஒரு தபசு மாதிரிதான். தன் துயரத்தோடு அவர் வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை. அந்தத் துயரத்தையும் சேர்த்தே பாட்டாக்கினார். அதனால்தான் முகமே தெரியாத ஒரு பழைய புலவருக்குத் தன் முகத்தையும் குரலையும் கொடுக்க அவரால் முடிந்தது.

அடுத்த தடவை செங்கோட்டை ரயிலைப் பார்த்தால், கிட்டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கியில் அந்தக் கணீர்க் குரல் கேட்டால், ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள். வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால், 'ஔவையார்' படம் பார்த்த கதையைச் சொல்லச் சொல்லுங்கள். யானைகள் கோட்டையை உடைத்ததை, அவர்கள் இன்னும் கண் விரியச் சொல்வார்கள்!